காணிக்கை முடிந்த பிறகும்

வாரநாளில் நான் பத்திரிகையில் துணையாசிரியர். ஞாயிறன்று புனேயில் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஆர்கன் வாசிப்பவள். முறையாகக் கற்றவள் அல்ல. காலால் மிதிக்கும் கட்டைகள் இன்றும் வசப்படவில்லை; கைகளை மட்டும் வைத்து ஒப்பேற்றுகிறேன்.

என்னைப் போன்றவர்களுக்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில், ரொமான்டிக் காலத்து ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் சிலர் எளிய இசைத் துண்டுகள் எழுதினார்கள். இரண்டே பக்கம், மெதுவான நடை, கால்கட்டை தேவையில்லை. காணிக்கை எடுக்கும் நேரத்தில் நான் வாசிக்கும் துண்டில் முதல் பக்கத்தின் முடிவில் ஒரு குறி உண்டு: வழிபாட்டுக்கு அவசரமென்றால் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். காணிக்கைப் பைகள் பீடத்தை அடைந்ததும் இசை நிற்க வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். அதனால் வருடக்கணக்காக அந்தக் குறியை நான் தாண்டியதில்லை.

செய்தியை அடியிலிருந்து வெட்டிப் பழகிய கை என்னுடையது. செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும். அடியில் இருப்பது போனால் நஷ்டமில்லை. இந்த இசை அப்படி எழுதப்படவில்லை. முதல் பக்கம் அமைதியாகப் போகும். இரண்டாம் பக்கத்தில் கலங்கி, திசை மாறி, பிறகு பழைய மெட்டுக்கே திரும்பும். அந்தத் திரும்பலுக்காகத்தான் மற்றதெல்லாம். சபையில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை ஒத்திகையில், நாளை முழுதாக வாசிப்பேன் என்று சபைச் செயலரிடம் சொன்னேன். அவர் திருநெல்வேலிக்காரர், புனேக்குப் பக்கத்தில் சாகணில் கார் தொழிற்சாலையில் இன்ஜினியர்.

"அக்கா, நமக்குப் பெறவு மராத்தி ஆராதனை இருக்கு. அவங்க வாசல்ல நிப்பாங்கல்லா?"

"நிக்கட்டும். மழையா பெய்யுது?"

"அதுவும் அந்தப் பாட்டு சாவு வீடு மாதிரில்லா இருக்கு!"

"பாதியில வெட்டுனா அப்படித்தான் இருக்கும்."

"நீட்டுனீங்கன்னா அடுத்த வாரம் கீபோர்டுதான். பட்டன அமுக்குனா தாளம் வரும், அமுக்குனா நிக்கும். சொல்லிட்டேன்."

மறுநாள் பைகள் பீடத்துக்கு வந்தன. போதகர் அவற்றை வாங்கிக்கொண்டு காத்து நின்றார். என் முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க ஆர்கனில் ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. செயலர் அதில் தெரியும்படி வந்து நின்று, விரலால் கழுத்தை அறுத்துக் காட்டினார்.

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

நடுப்பகுதியில் இரண்டு இடத்தில் தவறினேன். மராத்திச் சபையார் கதவருகே எட்டிப் பார்த்தார்கள். யாரோ இருமிக்கொண்டே இருந்தார். மெட்டு திரும்பி வந்தபோது இருமல் கேட்கவில்லை. அதைப் பாராட்டு என்று எழுத மாட்டேன். இருமியவர் வெளியே போயிருக்கலாம். கடைசிச் சுரத்தை அதற்குரிய நீளத்துக்குப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தேன்.

வாசலில் செயலர் மறித்தார். "சொன்னபடி கீபோர்டுதான்க்கா. ஆர்கன் சாவியக் குடுங்க."

"கீபோர்டுக்கு ஆர்கன் சாவி எதுக்கு?"

சாவி என்னிடமே இருக்கிறது. காணிக்கை நேரத்தில் இப்போது கீபோர்டு ஒலிக்கிறது. சொன்ன இடத்தில் நிற்கிறது. ஆராதனைக்கு முன், ஆட்கள் வந்து உட்காரும் நேரத்துக்கு மட்டும் எங்கள் சபையில் வழக்கம் எதுவும் கிடையாது. அப்போது போய் மூடியைத் திறக்கிறேன். இரண்டு பக்கமும் வாசிக்கிறேன்.