திரும்பத் திரும்ப வந்த பக்கம்

பாயின் கடையில் வேலை மேசையின் விளிம்பில் ஒரு வைஸ் பொருத்தியிருந்தது. தேய்ந்த இரும்புத் தாடைகள், பிடியெல்லாம் கிரீஸ். படகு என்ஜின் பாகங்களை அதில் வைத்து இறுக்கித்தான் பாய் அறுப்பார், ராவுவார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் இருந்த அந்தக் கடைக்கு நான் வேலை தேடிப் போகவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கேண்டீனில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவன், நிழலுக்கு ஒதுங்கினேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஊர் ஊராகத் திரிந்ததில் லாரி கழுவுவது முதல் பிரவுசிங் சென்டர் பார்ப்பது வரை கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பாயின் மருமகன் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்துவிட்டுத் துபாய் போயிருந்தான். அதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பாய் கேட்டார். முடியும் என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டேன்.

பாய்க்குப் பெரிய தொல்லை போன்தான். கடலில் என்ஜின் நின்றால் அந்தக் கரை முழுக்க அவரைத்தான் கூப்பிடும். சோற்றில் கை வைத்தால் மணி அடிக்கும். தொழுதுவிட்டு வந்தால் அதற்குள் பத்து அழைப்பு தவறியிருக்கும். "அதே கேள்வி, அதே பதிலு. எங்கனா எழுதி வெச்சிட்டா இன்னா தம்பி?" என்றார். உதவிப் பக்கங்கள் வைக்கலாம், ஆனால் நாம் மட்டும் எழுதி முடியாது, ஒரு விக்கி சேர்த்துவிட்டால் படகுக்காரர்களே எழுதித் திருத்திக்கொள்வார்கள் என்றேன்.

"கண்டவன் கண்டத எழுதுவானே?"

"எழுதினா பழையபடி திருப்பிப் போட்டுக்கலாம் பாய். அழிச்சாலும் உள்ள பத்திரமா இருக்கும்."

"அப்ப ஒருத்தனாலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்ற." அது அவருக்குப் பிடித்துப்போனது.

இருப்பதிலேயே எளிதான ஒன்றைப் பொருத்தினேன். யார் எதை மாற்றினாலும் அங்கே எழுதுகிற மற்றவர்களின் போனில் மணி அடிக்கும். மாற்றுவதற்குக் காரணம் கேட்டு அடியில் சின்னதாக ஒரு கட்டம் உண்டு. பக்கத்து மீனவர் குப்பத்து ஆட்கள் அந்தக் கட்டத்தைக் கிண்டலுக்கு வைத்துக்கொண்டார்கள். கார்பரேட்டர் கழுவும் முறையைத் திருத்திய ஒருவர், "மச்சான் சொன்னாப்ல கழுவினா சட்டைதான் சுத்தமாவும்" என்று காரணம் எழுதியிருந்தார்.

பிறகுதான் ஆயில் பக்கம் வந்தது. செய்யூர்ப் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் எழுதியது. சாலையோரக் கடை ஒன்று, ஓடித் தீர்ந்த கறுப்பு எண்ணெயை வடிகட்டிப் புது டப்பாவில் அடைத்து விற்றது. அதை ஊற்றி அவருடைய என்ஜின் நடுக்கடலில் இறுகிப்போனது. அவரும் மைத்துனரும் காற்று இழுத்த பக்கமெல்லாம் போனார்கள். மைத்துனர் உயிரோடு கரை சேரவில்லை. கடையின் பெயரைப் போட்டு, டப்பா மூடியில் எதைப் பார்த்தால் போலி தெரியும் என்று படத்தோடு அவர் எழுதியிருந்தார். கரை முழுக்கப் படித்தது. ஆயில் கடையில் ஈ ஓட்டினார்கள்.

ஒரு மத்தியானம் அந்தக் கடையின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். இன்னொருவன் பேச்சே இல்லாமல் எங்கள் ஸ்பேனரை எடுத்து என் காதோரம் ஒன்று வைத்தான். தலைவன் போல் இருந்தவன் மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தான். "டேய் கம்ப்யூட்டரு, அழிடா."

அழித்தேன். அவன் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுந்தான். ஷட்டரைத் தாண்டுவதற்குள் பக்கம் திரும்பி வந்துவிட்டது. குப்பத்தில் யாரோ மணி கேட்டுத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

"இன்னா, வித்த காட்றியா?"

"நான் இல்லண்ணே. வெளியிலேர்ந்து போடறாங்க."

அந்த விக்கியில் பக்கத்தைப் பூட்டும் வசதி இல்லை. வெப்சைட்டையே நிறுத்தும் பாஸ்வேர்டு துபாயில் இருந்தது. சொன்னேன், நம்பவில்லை. தலைவன், மேசையருகே நின்ற பாயின் வலது கையை இழுத்து வைஸுக்குள் வைத்து முடுக்கினான். "இனிமே ஒருவாட்டி வந்தா ஒரு சுத்து."

அழித்தேன். வந்தது. ஒரு சுற்று. அழித்தேன், வந்தது. பாய்க்கு வியர்வை தாடியில் சொட்டியது. விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறின. என் போன் மணி அடித்ததைக் கேட்டு, "இன்னா எழுதிகீறானுங்க, படி" என்றான். "அழிச்சா வுட்டுடுவோமா" என்று கட்டத்தில் இருந்ததைப் படித்தேன். அதற்கும் ஒரு சுற்று. அவன் போனில் பக்கம் தெரியும், அந்தக் கட்டம் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த முறை அழித்தபோது காரணம் என்ற இடத்தில், "பாயை அடிக்கிறானுங்க கடைக்கு வாங்க" என்று தட்டினேன்.

கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. தலைவன் சிரித்தான். பிடியை அவன் தளர்த்தப் போன நேரத்தில் பக்கம் மறுபடி வந்து நின்றது. இந்த முறை செய்யூர்க்காரர். அவ்வளவு தூரத்திலிருந்து ஓடி வர முடியாது; அவரால் முடிந்தது அதுதான். "படி" என்றான் தலைவன். படித்தேன். "வுட்டுடாதீங்க பாய், நாங்க கீறோம்."

அவன் இரண்டு கையாலும் பிடியைத் தள்ளினான். காய்ந்த சவுக்குக் குச்சி ஒடிவது போல் சத்தம் கேட்டது. பாய் அப்போதுதான் கத்தினார்.

பைக்குகளின் சத்தம் அதற்குப் பிறகு வந்தது. குப்பத்து ஆட்கள் ஷட்டரைத் தூக்கவில்லை, உதைத்தே வளைத்தார்கள். ஸ்பேனர் வைத்திருந்தவனின் வாயில் துடுப்பு இறங்கியது. பிஸ்டன் ரிங்குகளோடு அவன் பற்களும் தரையில் கிடந்தன. ஷட்டரடியில் நின்றவன் எழ முடியாமல் மிதிபட்டான். தலைவனை முடியைப் பிடித்துச் சாலைக்கு இழுத்துப் போய், முட்டி மடங்கக் கூடாத பக்கம் மடங்கும்வரை அடித்தார்கள். நானும் மிதித்தேன். இத்தனைக்கும் நடுவில் பாய் வைஸில் மாட்டிய கையோடு நின்றுகொண்டு, "போதும்டா, செத்துடுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் காதிலும் விழவில்லை. அவர் கை இன்னும் உள்ளே இருப்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. கூட்டம் சாலையிலேயே இருந்தபோது போய்த் தளர்த்தினேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது கேட்டார். "பக்கம் கீதா?"

"கீது பாய்."

"செய்யூராருகிட்ட இந்தச் சுத்து விவகாரத்தச் சொல்லிடாத. குப்பத்துல யாருக்கும் தெரியக் கூடாது. அடிச்சானுங்க, கை போச்சு. அவ்ளோதான்."

வெறும் அடி என்றுதான் இன்றுவரை எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஆயில் கடை மூடிவிட்டது. ஓரிடத்தில் நிற்கிற கால் எனக்கு இல்லை. இப்போது மதுராந்தகத்தில் ஒரு அரிசி மில்லில் இருக்கிறேன். போன மாதம் அந்த வழியாகப் போனபோது கடையில் செய்யூர்க்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அந்தக் கதையைத் தொடங்கிவிட்டார்.

"கடைசியா திருப்பிப் போட்டது நான்தான் பாய். நாங்க கீறோம்னு எழுதினேனே, பாத்தீங்களா?"

"இவன் படிச்சுக் காட்டினான் அண்ணாத்த," என்றார் பாய். "அதக் கேட்டுத்தான் தெம்பே வந்துச்சு."

செய்யூர்க்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து பாயின் வலது கையை, நிமிராத விரல்களோடு சேர்த்து, வலை இழுத்துக் காய்த்த தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக் குலுக்கினார். பாய் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவராக விடும்வரை சிரித்துக்கொண்டே நின்றார்.