கண்மாய்க்குள் இறங்கிய கார்

ஒத்தக்கடையைத் தாண்டி நாங்கள் வீடு வாங்கியபோது விளம்பரத்தில் ‘லேக் வியூ’ என்று போட்டிருந்தார்கள். குடிவந்த முதல் கோடையில் மாடியிலிருந்து தெரிந்ததெல்லாம் சீமைக்கருவேலமும் அதில் மாட்டிக்கிடந்த பிளாஸ்டிக் பைகளும்தான். “வியூ வந்துருச்சு, லேக்தான் இன்னும் வரல” என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் அது வந்தது. விடாமல் பெய்த மழையில் கண்மாய் நிறைந்து, தண்ணீர் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் மோதிக்கொண்டு நின்றது. பின்னாலேயே நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் பெயர் தெரியாத குட்டி வாத்துகளும் வந்து சேர்ந்தன. காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத என் கணவர் பைனாகுலர் வாங்கினார். பக்கத்து வீட்டு அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். கரையோரம் நெருக்கியடித்து நிற்கும் நாரைகளைப் பார்த்து, “உள்ள அம்புட்டு எடம் கெடக்கு, எல்லாம் படியிலயே நிக்கிதுக பாரும்மா” என்று தினமும் காலையில் வருத்தப்படுவார்.

மாசியில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் எதிர்க்கரையில் லாரிகள் வந்தன. கிராவல், இடித்த வீடுகளின் செங்கல், உடைந்த டைல்ஸ் எல்லாம் கொட்டி ஒரு மூலையை மேடாக்கி, எல்லைக்கல் ஊன்றி, கலர் கலராகக் கொடி கட்டிவிட்டார்கள். பிளாட் போடுகிறவரிடம் நானே போய்க் கேட்டேன். சலவைச் சட்டை போட்டு, எதற்கெடுத்தாலும் கும்பிடுகிற மனிதர்.

“இது கண்மாயே இல்லக்கா. மழை பெஞ்சா தண்ணி நிக்கும், அம்புட்டுத்தான். பஸ் ஸ்டாண்டுலயும்தான் நிக்கிது.”

“பஸ் ஸ்டாண்டுல நாரை கூடு கட்டலயே தம்பி.”

“வீடு வந்துட்டா அதுக மொட்டமாடில கட்டிக்கிரட்டும்க்கா” என்று மறுபடி கும்பிட்டார்.

தெருவே சேர்ந்து மனு கொடுத்தோம். நடையாய் நடந்த பிறகு, ஒரு பெண் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

அன்று காலை நடுக்கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீரைச் சுற்றிப் பறவைகள் நன்றாகத்தான் நின்றன. என் கணவருக்கு அது போதவில்லை. “ஆபீசர் வர்ற நேரத்துல கரைப்பக்கமா நின்னா எடுப்பா இருக்கும்” என்று ஒரு பை நிறையப் பொரி வாங்கி வந்து இறைத்தார். பறவைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருநாய்கள் பார்த்தன. மொத்தக் கூட்டமும் கண்மாய்க்குள் பாய்ந்தது. நாய்களை நிறுத்த அண்ணன் தன் பழைய விசிலை எடுத்து ஊதினார். நாய்கள் நின்றுவிட்டன. பறவைகள் அதை ‘ரைட்’ என்று எடுத்துக்கொண்டு, யானைமலைப் பக்கமாக மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன.

அடுத்த நிமிடம் ஜீப் வந்து நின்றது.

“பறவைங்கல்லாம் எங்கங்க?” என்றார் அதிகாரி.

“இப்பத்தான் மேடம் கிளம்புனாங்க” என்றார் என் கணவர், விருந்தாளிகளைச் சொல்வதுபோல.

தகவல் தெரிந்து வந்திருந்த பிளாட்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். எனக்குக் காது சுட்டது. “பறவைய விடுங்க மேடம். இது தண்ணி நிக்கிற எடமா இல்லையான்னு மண்ணப் பாருங்க” என்றேன்.

“தாராளமாப் பாருங்க. கட்டாந்தரை மேடம், கிரிக்கெட்டே வெளாடலாம். வாங்க, என் கார்லயே நடு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்க மொதல்ல போங்க, நான் பின்னாடி வர்றேன்” என்றார் அந்த அம்மா.

பிளாட்காரர் தன் புது வெள்ளைக் காரை இறக்கினார். கொஞ்ச தூரம் கம்பீரமாகத்தான் போனது. பிறகு மேல்தரை அப்பளம்போல நொறுங்கியது. அடியில் இருந்தது கரம்பை மண், கறுப்பாக, கூழ்போல. முன்சக்கரம் இறங்கியது. அவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரமும் இறங்கி, வெள்ளைக் கார் எருமை நிறத்துக்கு வந்துவிட்டது. அண்ணன் கரையில் நின்று, “ரிவர்ஸ்ல வாங்க, வரலாம், வரலாம்” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கதவு திறக்க முடியாமல் பிளாட்காரர் ஜன்னல் வழியாக வெளியே வந்தார். செருப்பு இரண்டும் சேற்றுக்குள்ளேயே போய்விட்டன.

மேடாக்க வந்திருந்த ஜேசிபிக்காரரைக் கூப்பிட்டார். “நான் எறங்குனா என்னைய இழுக்க யாரண்ணே வருவா?” என்று அவர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

“ஏங்க, இதுலயா வீடு கட்டப் போறீங்க?” என்று அதிகாரி கரையிலிருந்தே கேட்டார்.

“அடியில லேசா ஈரம் இருக்கு மேடம்.”

மேலூர்ப் பக்கமிருந்து டிராக்டர் வரும்வரை பிளாட்காரர் எங்கள் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை சேறு. நன்றாக நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று நினைத்துப் போனவள், கால் கழுவத் தண்ணீரும் டீயும் கொடுத்துவிட்டு வந்தேன். “இந்த எடத்த என் தலையில கட்டுனவன் மேட்டு நெலம்னுதான்க்கா சொன்னான்” என்றார். இன்னொரு டீயும் கொடுத்தேன்.

மண் கொட்டுவது அன்றோடு நின்றது. அந்த அதிகாரியோடு சர்வேயர்கள் வந்து கண்மாயின் எல்லையைச் சுற்றி அளந்தார்கள். கொடிகளும் கற்களும் போயின. அளந்துகொண்டே அவர்கள் எங்கள் பக்கமும் வந்துவிட்டார்கள். எங்கள் காம்பவுண்டுச் சுவரும் பாதி கார் ஷெட்டும் கண்மாய்க்குள் இருப்பதாகத் தெரிந்தது.

“மேடம், மனு குடுத்ததே நாங்கதான்” என்றார் என் கணவர்.

“அதான் சார், மொதல்ல நீங்களே இடிச்சுக் குடுத்துருங்க.”

இடித்தோம். எனக்கு அழுகையாகத்தான் வந்தது. ஆனால் கொட்டிய கிராவலை அள்ள யாரும் வரவில்லை. இந்த மழைக்கு அந்த மேட்டில்தான் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்கின்றன.

சுவர் போனபிறகு எல்லா ஜீவராசிகளும் நேராக வீட்டுக்குள்ளேயே வருகின்றன. போன வாரம் பாத்ரூமில் ஒரு தண்ணிப்பாம்பு. என் கணவர் வாஷிங் மெஷின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார்.

“தண்ணிப்பாம்புங்க, ஒண்ணும் செய்யாது. நீங்க எறங்கி வந்தா அது பாட்டுக்குப் போயிரும்” என்றேன் வெளியிலிருந்து.

“மொதல்ல அதப் போகச்சொல்லு, பெறகு நான் வாரேன்” என்றார்.