வேட்டைப் பங்களாவில் எடுத்த படம்

பெரம்பலூரில் கல்யாணப் படம் எடுப்பவன் நான். காட்டுக்குள் இருக்கும் பழைய ஜமீன் வேட்டைப் பங்களாவில் மாப்பிள்ளையைப் பொம்மைத் துப்பாக்கியோடு நிறுத்தினேன். மான்தலை மாட்டிய ஆணிகள் மட்டுமே அங்கே மிச்சம். அந்தக் காலத்தில் பன்றியைக் கிளப்ப ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டு ஓடுவார்களாம். அப்படி ஓடிவரச் சொல்லி எங்கள் வேன் டிரைவர் செல்வத்திடம் ஒரு தகர டின்னை நீட்டினேன்.

“வேணாங்க சார்.”

வெளிச்சம் போகிற ஆத்திரத்தில் ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. டின்னை வாங்கித் தட்டிக்கொண்டே ஓடி வந்தார். படம் எடுத்தேன்.

பிறகுதான் சொன்னார்: “எங்க தாத்தாவும் இங்கதாங்க தகரம் தட்டுனாரு. பன்னின்னு நெனச்சிச் சுட்டுட்டோம்னாங்க. செத்த பன்னியோட ஒரே வண்டியில போட்டு அனுப்புனாங்க.”

மன்னிப்புக் கேட்காமல் கேமராவைப் பையில் வைத்தேன்.

மாப்பிள்ளைக்குப் பிடித்தது அந்தப் படம்தான். அவர் வீட்டுச் சுவரில் நானே ஆணியடித்து மாட்டினேன். செல்வத்தின் உதட்டு ரத்தம் தெளிவாகத் தெரிகிறது.