டெல்மர் போடாத கையெழுத்து

என் அம்மா ரோண்டா ஸ்டிக்னி, வடக்கு மிசௌரியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் உதவியாளர். குளிப்பாட்டுவது, மலம் துடைப்பது, பல்செட் கழுவுவது. ஆஸ்டியோபதி டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் பக்கத்தில் பாதி டாக்டர்கள் அந்த வகைதான். மாத்திரை எழுதுவதற்கு முன் முதுகைத் தொட்டுப் பார்ப்பவர்கள்.

பத்தொன்பது வயதில், நான் வயிற்றில் இருந்தபோது, கல்லூரியின் முதல் வருஷத்தில் எட்டுப் பாடங்களிலும் அவள் தோற்றாள். பிறகு பருவத்துக்கு ஒன்று என்று அத்தனையையும் மறுபடி படித்தாள், அப்படியே மீதிப் பட்டப்படிப்பையும். எல்லாவற்றிலும் முதல் தரம். மறுபடி எழுதினால் பழைய மதிப்பெண்ணைத் தள்ளிவிட்டுப் புதியதை மட்டும் எடுப்பது ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளின் வழக்கம். அதை நம்பித்தான் பதினான்கு வருஷம் படித்தாள்.

அவள் விண்ணப்பிக்க இருந்த வருஷம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இனி இரண்டையும் கூட்டிச் சராசரி. நாலுக்கு மூன்று புள்ளி ஏழு என்று இருந்தது மூன்றுக்கு இறங்கியது. பாலங்களில் விரிசல் அளப்பது என் வேலை. பழுது பார்த்து முடித்த இடத்தைப் பழைய விரிசலோடு சேர்த்து அளக்க மாட்டோம்.

மருத்துவக் கல்லூரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். மதிப்பெண் குறைவென்றால் சம்பளமில்லாத சேவை நேரம் தூக்கிவிடும், மேற்பார்வையாளர் கையெழுத்தோடு அனுப்புங்கள் என்றார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மணிக்கு வேலை முடிந்து கார்டு அடித்த பிறகும் ஆறு மணி வரை, சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். பதினைந்து வருஷமாக.

படிவத்தை எடுத்துக்கொண்டு இல்லத்தின் நிர்வாகி டெல்மர் கிராஸிடம் போனாள். அன்று நான்தான் கார் ஓட்டிப் போயிருந்தேன், கூடவே இருந்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா ரோண்டா? கார்டு அடிச்சப்புறமும் நீ இங்க வேலை பாத்தேன்னு நான் எழுதிக் குடுத்தா, தொழிலாளர் துறைக்காரன் வந்து அதுக்குச் சம்பளம் எங்கேன்னு என் சட்டையப் பிடிப்பான்."

"வேலை இல்ல டெல்மர். சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"சூப் ஊட்டினியா?"

"ஊட்டினேன். வேற யார் ஊட்டினாலும் ஆர்லீன் பாட்டி துப்பிடுறாங்களே."

"அப்ப அது வேலை. உன்னை யாரு உக்காரச் சொன்னா?"

டெல்மருடைய அக்கா மகன் பிரைஸ் அந்தக் கோடையில் வரவேற்பறை சோபாவில் போனைத் தடவிக்கொண்டு கிடந்தான். அவன் அங்கே சம்பளக்காரன் இல்லை. அதனால் அது சேவை. எண்பது மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

அம்மா விண்ணப்பத்தில் சேவைக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள். வாங்காத கையெழுத்துக்கு மணிக்கணக்கு எழுத அவளுக்குக் கை வரவில்லை. இரண்டு மாதத்தில் பதில் வந்தது. சமூக சேவையில் இன்னும் ஈடுபாடு காட்டி அடுத்த வருஷம் விண்ணப்பியுங்கள்.

காட்டினாள். நாற்பது மைல் தள்ளி இன்னொரு முதியோர் இல்லம். ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, பெயர் தெரியாத கிழவிகளுக்கு நகச்சாயம் பூசினாள். கிளம்பும்போது கையெழுத்து. அறுபத்திரண்டு மணி நேரம் சேர்ந்திருந்தது.

ஒரு ஞாயிறு மதியம், டெல்மரின் இல்லத்தில் அம்மாவோடு வேலை பார்க்கும் ஜோலீன் போன் செய்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? ஆர்லீன் கிழவி காலையிலேருந்து உன் பேரையே சொல்லிட்டிருந்துச்சு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இப்ப இல்லடி."

நகச்சாயம் காயாத கையை நீட்டியபடி ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாளாம். அம்மா மிச்ச மூன்று விரலுக்கும் பூசிவிட்டு, அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மறுபடி விண்ணப்பிக்கவில்லை. நான் கேட்டதற்கு, "போதும்டி" என்றாள். இந்தப் பிப்ரவரியில் கணையப் புற்று அவளைக் கொண்டுபோனது. நாற்பத்தெட்டு வயது.

அடக்கத்தன்று டெல்மர் எழுந்து பேசினார். சர்ச்சில் எண்பது பேர்.

"ரோண்டா மாதிரி ஒருத்தியை நான் பாத்ததில்ல. கார்டு அடிச்சப்புறமும் தினம் மூணு மணி நேரம் இருப்பா. ஒரு காசு வாங்கினதில்ல. பதினஞ்சு வருஷம்! கணக்குப் போட்டுப் பாருங்க!"

முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

அஞ்சலிக்குறிப்பு எழுதத் தேதிகள் வேண்டும் என்று பாதிரியார் கேட்டதால் அம்மாவின் கோப்பைக் கொண்டுவந்திருந்தேன். டெல்மர் கையெழுத்துப் போடாத அந்தப் படிவமும் அதிலேயே இருந்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. டெல்மர் இரண்டாவது தட்டில் பன்றிக்கறியும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் படிவத்தையும் பேனாவையும் வைத்தேன்.

"மேல சொன்னதை இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"என்னது இது கண்ணு?" படித்தார். மெல்லுவது நின்றது. "செத்தவளுக்கு இது எதுக்கும்மா?"

"எண்பது பேர் முன்னாடி சொன்னீங்க. எழுத என்ன?"

"பேசறது வேற, எழுதறது வேற. இன்னும் அங்க பதினோரு உதவியாளருங்க இருக்காங்க. அவங்களும் கார்டு அடிச்சப்புறம் உக்காந்திருக்காங்க."

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சுற்றிலும் பார்த்தார். எதிர் வரிசையில் ஜோலீன் கரண்டியைக் கீழே வைத்திருந்தாள்.

"நல்ல நாள்ல வா, பேசுவோம்" என்று முள்கரண்டியின் பின்பக்கத்தால் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

ஜோலீன் எழுந்து வந்தாள். தாளை எடுத்து ஓரத்து எண்ணெயைத் துடைத்தாள்.

"இதுல மேற்பார்வையாளர்னுதானே இருக்கு" என்றாள். "கூட வேலை பாத்தவங்க போடக் கட்டம் எதுவும் இல்லியா?"

இல்லை. நான் இருபக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.