இழுவையா, வேகமா

கல்யாணமான இரண்டாம் வருஷம் என் கணவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கான்வாஸ் கூரையை மடக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அப்போதே முப்பது வருஷப் பழசு. வால்பாறையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. மாயவரம் பக்கத்தில் இருந்த எங்கள் கிராமத்தில் அப்படியொரு வண்டியை யாரும் பார்த்ததில்லை. மாமனாருக்குப் பிடிக்கவில்லை. ஒரே பிள்ளை என்பதால் பேசாமல் இருந்துவிட்டார்.

வந்த கொஞ்ச நாளிலேயே பின் ஆக்சிலுக்குள் இருந்த பல்சக்கர ஜோடி உடைந்தது. கும்பகோணத்து மெக்கானிக் மெட்ராஸிலிருந்து இரண்டு பழைய ஜோடிகளை வரவழைத்தார். இரண்டுமே பொருந்தும், எதைப் போடட்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தார். அன்று சாப்பிடும்போது கணவர் எனக்கு விளக்கினார்.

"பின் சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்கு, எஞ்சின்லேருந்து வர்ற ராடு எத்தன சுத்து சுத்துதுங்கிறதுதான் ரேஷியோ. ஒரு ஜோடியில அஞ்சுக்குக் கிட்ட. மலைக்குன்னு அந்த மாதிரிதான் போட்டிருந்தாங்க. நல்லா இழுக்கும், ஆனா நாப்பது மைலத் தாண்டினா எஞ்சின் கத்தும். இன்னொண்ணு நாலுக்கும் கீழ. அலுங்காம அறுபதுல போகும், இழுவை கம்மி. உனக்கு எது வேணும்?"

"எனக்கா?"

"நீதானே பக்கத்துல உக்காரப் போற."

அந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. என்ன காய் நறுக்குவது என்பதைக்கூட மாமியார்தான் சொல்வார். "நம்ம பக்கம் மலை ஏது? வேகமாப் போறதையே போடுங்க" என்றேன். அப்படியே போட்டார்கள். தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போய்வந்தோம். வயல்கள் இரண்டு பக்கமும் ஓட, தலைமுடி முகத்தில் அடிக்க, நான் சொன்னபடி ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று மிதப்பாக இருந்தேன்.

ஆட்சி மாறியிருந்த சமயம் அது. புது ஆட்சி தங்களுக்கு ஏதாவது செய்யும் என்று வயலில் இறங்குகிறவர்கள் நம்பினார்கள். புது ஆட்சியிலும் நமக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று மாமனார் சொல்வார். அந்தக் குறுவை அறுவடைக்கு எங்கள் ஆட்கள் கூலி நெல் அரைப் படி கூடுதலாகக் கேட்டார்கள். மாமனார் மறுத்து, வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். எங்கள் ஆட்கள் அவர்களை வயலில் இறங்கவிடாமல் ஆற்றங்கரையில் கொடியை நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மழை வேறு. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைவிட ஆரம்பித்திருந்தது.

இதற்கு நடுவில்தான் மாமனாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பெரியவர்கள் எல்லாரும் முதல் நாளே போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் மறுநாள் காலையில் பழக்கூடைகளோடு காரில் கிளம்பினோம். ரோட்டில் மதகு உடைந்து கிடந்ததால் ஆற்றங்கரை மேலே ஏறித்தான் போக வேண்டும். அந்த ஏற்றத்தின் உச்சியில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றது. மறுபடி கிளப்பினார். கிளச் கருகுகிற நாற்றம் வந்ததே தவிர, வண்டி ஒரு முழம்கூட ஏறவில்லை. கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேலே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து இறங்கி வந்தார்கள்.

எங்கள் கொல்லையில் நெல் புடைக்க வருகிற அம்மாள் ஒருவர் அவர்களில் இருந்தார். நான் கதவைத் திறந்ததும் அவர் அதைச் சாத்தினார்.

"எறங்காதீங்க சின்னம்மா. பட்டுப் பொடவ சேறாயிடும்."

நான் இறங்கவில்லை. பட்டுப்புடவையும் நகையுமாக மடியில் பழக்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் அரைப் படி நெல் மறுக்கப்பட்டவர்களின் கை என் முதுகுக்குப் பின்னால் வண்டியைத் தள்ளியது. அவர்கள் மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பிப் பார்க்க முடியாமல் பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி கரையேறி வேகம் பிடித்தது. "நிறுத்துங்க, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்" என்றேன்.

"நிறுத்தினா திரும்பக் கிளம்பாது" என்றார். கரைமேல் பாதை சமமாகத்தான் இருந்தது.

கோயிலில் இதைக் கேட்ட மாமனார் மாலையும் கழுத்துமாகச் சிரித்தார். "தள்ளுனதுக்கும் சேத்துக் கூலி கேப்பானுங்க." சுற்றியிருந்த உறவினர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நான் தீர்த்தக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊர் திரும்பியதும் கணவர் கும்பகோணம் போய், இழுவைக்கான அந்த இன்னொரு ஜோடியை மாற்றிக்கொண்டு வந்தார். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. "இனிமே எவன் தயவும் வேணாம்" என்றார். நடந்ததிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். எனக்கு அது அவமானமாக இருந்தது.

தாசில்தார் முன்னால் பேச்சு நடந்து, கேட்டதில் பாதி கிடைத்தது. அந்த அம்மாள் மறுபடி கொல்லைக்கு வந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அப்போது நான் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன்.

"அன்னைக்கு நிக்காமப் போயிட்டோம். மனசுல வச்சுக்காத. அவ்வளவு சண்டையிலயும் நீங்கள்லாம் வந்து தள்ளினீங்களே" என்றேன்.

அவர் முறத்தை நிறுத்தி, எனக்கு இதுகூடப் புரியவில்லையே என்பதுபோலப் பார்த்தார்.

"வண்டி அங்கயே நின்னா என்னாவும் சின்னம்மா? நாங்கதான் மறிச்சோம்னு போலீசு கேசு போட்டுடும். ஆம்பளைங்கள அள்ளிக்கிட்டுப் போயிடுவானுங்க. அதான் சீக்கிரம் ஏத்திவுட்டோம்."

இத்தனை நாளும் அதைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எங்களுக்குப் பயந்து தள்ளியிருக்கிறார்கள். அவர் முன்னால் நிற்கவும் முடியாமல், உள்ளே போகவும் முடியாமல் நின்றேன்.

"ஓரமா நில்லுங்க, தூசி படும்" என்று சொல்லிவிட்டு அவர் புடைக்க ஆரம்பித்தார்.