ஊசியும் இளநீரும்

காலில் ரத்தம் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபின், ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றில் ஊசி. மனைவிதான் போட்டுவிட்டாள். "இது சூட்டைக் கெளப்பிடும்" என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னவன், ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாதவன். நோயாளியைப் பார்க்க என்றால் கேட்கவே வேண்டாம். ஷிப்ட் முடிந்ததும் அவன் பைக்கில் இளநீர் வந்து இறங்கும்.

"குடிடா தோஸ்த், சூடு கம்மியாவும்" என்பான். ஒன்றைக் குடித்து முடிப்பதற்குள் இன்னொன்றைச் சீவியிருப்பான். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

சில நாளில் படியேறினால் கால் துவண்டது. நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் துடித்தது. ரத்தம் நீர்த்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தைவிட வேடிக்கை பார்க்கும் ஆசைதான் எனக்கு ஜாஸ்தி. மனைவிக்கு அந்த ஆசை கிடையாது. ஆட்டோவை வரவழைத்தாள்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மருந்து ஏற்றினார்கள். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரத்தத்துக்குப் போட்ட ஊசிக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம் மேடம்?"

அவர் சலித்துக்கொள்ளாமல் சொன்னார். பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உத்தரவு போடும் சுரப்பி ஒன்று சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதாம். சிலருக்கு இந்த ஊசி அதைச் சோம்பேறியாக்கிவிடுமாம். சர்க்கரை இருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகமாம். எனக்குச் சர்க்கரை உண்டு. வயிற்றில் குத்திய மருந்து அங்கே போய் எப்படி வேலையைக் கெடுக்கிறது என்று நான் வியந்துகொண்டிருந்தபோது, "இளநீர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

மனைவிதான் பதில் சொன்னாள். "தினமும்."

"அதுல பொட்டாசியம் நெறைய இருக்கு. இனிமே தொடக்கூடாது" என்றவர், ஊசியையும் மாற்றினார்.

நண்பனுக்கு போனில் சொன்னதும் மனைவிதான். "நான் குடுத்த எளநீராலயா?" என்று மட்டும் கேட்டானாம்.

"ஊசியாலதான் ஆரம்பிச்சுதுண்ணா. வந்து பாருங்க, ஆனா ஒன்னும் வாங்கினு வராதீங்க" என்றிருக்கிறாள்.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்கு வந்தான். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவனை வெறுங்கையோடு பார்த்தது அன்றுதான். கட்டிலருகே நின்று, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு கையை ஒயர்களுக்கு நடுவே என் நெஞ்சில் வைத்தான்.

"ஓடுதா?" என்றேன்.

"பேசாதடா" என்றான். "பாத்துனு இருக்கேன்."