கையால் சுற்றிய ரீல்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டுக்கு ரோடு மரத்தை வெட்டிப் போட்டிருந்த வாரம். பஸ் இல்லை, படப்பெட்டி வரவில்லை. கள்ளக்குறிச்சியில் நான் ஆபரேட்டராக இருந்த தியேட்டரில் காட்சியும் இல்லை. சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும். அந்த நேரம் பார்த்து, கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி தட்சிணாமூர்த்தி தன் அம்மா ரங்கநாயகியைச் சைக்கிளில் வைத்து வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்தார். அம்மா மடியில் துருப்பிடித்த டப்பா.

பேசும் படம் வந்த புதிதில் எடுத்த ஒரு காதல் படத்தின் ரீல். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கதாநாயகனாக நடித்தவர் அந்த அம்மாவின் கணவர். மகன் வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோனார். மகனுக்கு ஐம்பது தாண்டியும் அப்பா குரலைக் கேட்டதில்லை.

டப்பாவைத் திறந்தேன். நாற்றம் மூக்கைக் குத்தியது. பிலிம் சுருங்கிப் பிசுபிசுத்தது.

"யாரு இதை இத்தினி வருசம் நெல்லு குதிர்ல வச்சிகினு இருந்தது?" என்று கத்தினேன்.

"நான்தான். அதுக்கு இப்ப இன்னா பண்ணணும்ங்கறீங்க?" என்றார் அம்மா.

அந்தக் காலத்துப் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். புரொஜெக்டர் விளக்கின் கார்பனைக் கொளுத்த முடியாது, அதனால் படம் தெரியாது. பிலிமிலிருந்து ஒலியை எடுக்கும் சவுண்டு ஹெட்டில் மட்டும் விட்டுக் கையால் சுற்றினால் குரல் கேட்கும்.

"ஒரு தபாதாம்மா. அப்புறம் நொறுங்கிடும். மெட்ராஸ்ல பழைய படம் சேக்கறவங்க இருக்காங்க, ரோடு தொறந்ததும் குடுத்தா..."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"சொல்ல முடியாது."

"சுத்துங்க."

சுற்றினேன். பாறை உருளுகிற மாதிரி ஓர் ஆண் குரல்.

"அவரு இவ்ளோ கட்டையா பேச மாட்டாரு. வேகமா."

வேகம் கூட்டினேன். கீச்சென்றது.

"ஜாஸ்தி. கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

அந்தக் குரல் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். என் காலடியில் பிலிம் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. குரல் பிடிபடுவதற்குள் ரீல் தீர்ந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன்.

"அதான்," என்றார் அம்மா. "அப்படியே சுத்துங்க."

"அழாதே ரத்தினம், நாளைக்கே வந்துவிடுவேன்," என்று காதலியிடம் சொன்னது குரல். இன்னும் நாலு வார்த்தை. ரீல் முடிந்தது.

தட்சிணாமூர்த்தி நரைத்த மீசையைத் துடைத்துக்கொண்டார். "சின்னப் பையன் கொரலா இருக்குதேம்மா."

"சின்னப் பையன்தான்டா. உன் மூத்தவன் வயசுகூட ஆவல அவருக்கு."

எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்தப் படம் இன்று எங்கும் இல்லை. தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பழைய ரீலோடு யாராவது வந்து நின்றால், என்ன படம் என்று அப்புறம் கேட்கலாம். அதில் இருப்பது யார் என்று முதலில் கேளுங்கள்.